தேதி குறிப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

புதிய கட்டடத்துக்கு மாறத் தயாராகும் அருங்காட்சியகங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கலைப்பொருள்களைத் தூக்கி, கட்டி, இடம் மாற்றும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் எழுதுகிறேன். உங்கள் கூட்டங்களில் முதலில் முடிவாவது திறப்பு விழாத் தேதி. அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்து, கட்டட வேலை தின்றதுபோக மிஞ்சும் நாள்களை எங்களிடம் தருகிறீர்கள். அந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கவே இந்த மடல்.

பதிவேட்டில் இருப்பதும் அடுக்கில் இருப்பதும் அப்படியே ஒத்துப்போவது அரிது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், "சுடுமண் உருவங்கள், ஒரு பெட்டி" என்று ஒரே வரி இருந்தது. திறந்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள். பாதிக்கு எண்ணே இல்லை. எது எதன் கை, எது எதன் தலை என்று பிரித்து, எண் கொடுத்து, படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நுரைப்பலகையில் குழி வெட்டி வைக்க இரண்டு நாள் பிடித்தது. திட்டத்தில் அந்தப் பெட்டிக்கு ஒதுக்கியிருந்தது கால் மணி நேரம்.

அளவு, எடை, இப்போதைய விரிசல்கள், கிளம்பும் அடுக்கு, போய்ச் சேரும் அடுக்கு: ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவும் எழுதியாகும் முன்பு எத்தனை பெட்டி, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேட்டால் கிடைப்பது ஊகம்தான். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான தேசிய அருங்காட்சியகம், சுமார் 8,00,000 பொருள்களை நியூயார்க்கிலிருந்து மேரிலாந்துக்குக் கொண்டுபோக 1999 முதல் 2004 வரை எடுத்துக்கொண்டது. அவ்வளவு காலம் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அதை அறிய ஒரு வழி உண்டு. கல், துணி, காகிதம், கண்ணாடி என்று கலந்து ஐம்பது பொருள்களை எடுத்து, கடைசி அடுக்கில் வைக்கும் வரை முழுதாக நகர்த்திப் பாருங்கள். கடிகாரம் சொல்வதை நம்புங்கள்.

வழியையும் முன்கூட்டியே அளக்க வேண்டும். 1939இல் போருக்கு அஞ்சி பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து ஓவியங்களை வெளியேற்றியபோது, ஓவியர் ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்' வெர்சாயில் டிராம் மின்கம்பிகளில் சிக்கிக்கொண்டது. சுருட்ட முடியாத, மிகப் பெரிய ஓவியம் அது. லாரியில் நிமிர்ந்தபடியே போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் படங்களை வேல்ஸின் மனோட் சுரங்கத்துக்குக் கொண்டுபோனது. குதிரைமேல் அமர்ந்த முதலாம் சார்லஸை வான் டைக் வரைந்த ஓவியம், வழியிலிருந்த ரயில் பாலத்தடியில் நுழையாது என்று முன்பே அளந்து தெரிந்துகொண்டார்கள். பாலத்தின் கீழ் சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். போர்க்காலத்தில் அவர்களுக்கு முடிந்தது. உங்கள் லிஃப்டின் உட்புற உயரத்தையும் கதவின் அகலத்தையும் தளம் தாங்கும் எடையையும் அளக்க ஒருநாள் போதும்.

இன்னொன்று, எனக்கு மிக நெருக்கமானது. பொருளைக் கையில் ஏந்தியிருப்பவருக்கு "நிறுத்து" என்று சொல்லும் உரிமை வேண்டும். சொன்னதற்காக அவர் திட்டு வாங்கக் கூடாது. மாலையில் கை தளர்ந்திருக்கும்போது "இந்த நாலு படத்தையும் முடிச்சிடுங்க" என்று வரும் உத்தரவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சட்டத்தின் மூலை சுவரில் இடிப்பது அந்த நாலில்தான். இடித்தால் அதை உடனே சொல்லவும் துணிவு வர வேண்டும். 2014இல் கெய்ரோவில் பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடியிலிருந்து தாடி கழன்றபோது, எளிதில் பிரிக்க முடியாத எப்பாக்ஸி பசையால் அவசரமாக ஒட்டிவிட்டார்கள். அந்தப் பசையைச் சுரண்டி எடுத்து, தேன்மெழுகால் மறுபடி பொருத்தி, முகமூடி பார்வைக்குத் திரும்ப 2015 டிசம்பர் ஆனது. தாடி கழன்றதைவிட அந்த அவசரம்தான் என்னை உறுத்துகிறது. தவறைச் சொல்லப் பயப்படும் இடத்தில் பசை டப்பாவைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஆகவே குறைந்த விலையை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தைக் கொடுக்காதீர்கள். பெட்டி வந்து இறங்கியதும் திறக்கச் சொல்லாதீர்கள். மரமும் துணியும் புது அறையின் ஈரப்பதத்துக்குப் பழக ஒருநாளாவது மூடியபடி இருக்கட்டும். அந்த நாளையும் திட்டத்தில் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவரை அழையுங்கள். பதிவேட்டையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு வருவார். தேதியை அவர் பேசி முடித்தபின் குறிக்கலாம்.

அன்புடன்,
கிடங்கிலிருந்து ஒருவன்