அடித்தால் பிரியும் மரம்

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். தப்புதான், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். குட்டையன் கல்யாணத்துக்கு வர முடியாததை நீயே அவனிடம் பக்குவமாகச் சொல்லு. உன் பேச்சுக்குத்தான் அவன் அடங்குவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு கூடைச் சந்தைக்குப் போயிருந்தோம். பாஸமக்வாடி என்று அந்த மண்ணின் பூர்வகுடிகள். ஒரு பெரியவர் பழுப்பு ஆஷ் மரக்கட்டையைக் கிடத்தி, கோடரியின் பின்பக்கத்தால் அடித்துக்கொண்டிருந்தார். நீளவாக்கில், ஓர் அங்குலம் விடாமல். பிறகு நுனியில் நகத்தை விட்டு நெம்பினார். ரிப்பன் மாதிரி ஒரு பட்டை உரிந்து வந்தது! ரம்பமும் இல்லை, இழைப்புளியும் இல்லை. மரத்தின் ஒரு வருஷ வளையம்தான் ஒரு பட்டை. வசந்தத்தில் வளர்ந்த பகுதி துளைத்துளையாக இருப்பதால் அடி விழுந்ததும் நசுங்கிவிடுகிறது. கோடையில் வளர்ந்த கெட்டிப் பகுதி தனியாகக் கழன்று வருகிறது. வளையத்தை எண்ணி வயசு சொல்பவன் நீ. உன் ஞாபகம் வராமல் இருக்குமா?

இந்த மரத்திலிருந்துதான் மனிதர்களே வந்தார்கள் என்பது அவர்கள் கதை. அவர்கள் புராண நாயகர் குளுஸ்காபே அம்பு எய்தாராம், ஆஷ் மரம் பிளந்து ஜனங்கள் வெளியே வந்தார்களாம். உருளைக்கிழங்கு அள்ளும் கூடையும் இதில்தான், ஓரத்தில் வாசனைப் புல்லை ஜடை போட்டுக் கட்டிய அலங்காரக் கூடையும் இதில்தான்.

மாலி நெப்டியூன் பார்க்கர் என்றொரு பாட்டி இருந்தார். சிறுமியாக இருக்கும்போது அம்மா கழித்துப் போட்ட துண்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கிப் பின்னிப் பழகினவர். 2012ல் அவருக்குத் தேசிய அளவிலான கௌரவம் கிடைத்தது. அவருடைய பேரப்பிள்ளை நாலு வயதிலேயே அவரிடம் பின்ன உட்கார்ந்துவிட்டது. ஜெரமி ஃப்ரே என்ற கூடைக்காரரும் தன் அம்மாவிடம் கற்றவர்தான். 2011ல் சாண்டா ஃபே நகரில் நடக்கும் பூர்வகுடிக் கலைச் சந்தையின் தலைசிறந்த படைப்பு அவருடைய கூடை. இத்தனைக்கும் 1993ல் மெய்ன் கூடைக்காரர்கள் சங்கம் தொடங்கியபோது, ஐம்பது வயதுக்குக் கீழே ஒரு டஜன் பேர்கூட இல்லை. அங்கிருந்து பிள்ளைகளைத் திரும்ப உட்கார வைத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் வண்டைப் பற்றிச் சொன்னார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. விரல்நகத்தைவிடச் சின்ன பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து வந்தது. 2002ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள், 2018ல் மெய்னுக்குள் வந்துவிட்டது. அதன் புழு மரத்தின் மேல்தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகிறது. மரத்துக்குள் சத்து ஓட வழியில்லை, சில வருஷத்தில் நின்றபடியே பட்டுப்போகிறது. இதுவரை கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்ற கவலை. இப்போது ஆள் இருக்கிறது, மரம் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை மாப்ளே. விதை சேகரித்து வைக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் இரண்டு குளிர்காலம் கிடந்துதான் முளைக்குமாம். முளைத்து, கூடைக்கு ஆகிற அளவு பருக்க எத்தனை வருஷம்!

உள்ளங்கை அளவில் ஒரு கூடை வாங்கினேன். மூடியைத் திறந்தால் இன்னும் புல் வாசனை. அது உன் அம்மாவுக்கு, ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

ஒன்று கேட்டுச் சொல்லு. உங்கள் பட்டறைக்கு வருகிற மரத்தில் எதுவாவது அடித்தால் இப்படி வளையம் வளையமாகப் பிரியுமா? அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது.

உன்,
மாப்ளே