குடும்ப ஜியோகேச்சிங் செட்: கழன்று வரும் காந்தம், காணாமல் போகும் மூன்றாவது இலக்கம் – புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் நிறுவனத்தின் குடும்ப ஜியோகேச்சிங் செட்டில் உள்ள குறைபாடுகள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒருவர் டப்பாவில் போட்டு மறைத்து வைக்கும் 'கேச்'சை, அவர் இணையத்தில் அறிவித்த இடத்தை வைத்து மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அதற்காகக் கையடக்க ஜிபிஎஸ் கருவி, அதற்கொரு பை, வெவ்வேறு அளவில் டப்பாக்கள், கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக் புத்தகங்கள், பரிமாறிக்கொள்ளச் சின்னச் சின்னப் பொருள்கள் என எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு நீங்கள் விற்கும் செட்டை வாங்கியவர்களில் நானும் ஒருவர். இதுபற்றி உங்கள் சேவை மையத்துக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். பதில்களும் வந்தன. ஆனால் எந்தப் பதிலும் நான் கேட்டதற்கான பதிலாக இல்லை. அதனால்தான் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன்.

காந்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை பொறுக்கலாம், இது பொறுக்க முடியாதது.

செட்டில் இரண்டு நானோ டப்பாக்கள் இருக்கின்றன. விரல் நுனி அளவுதான். உள்ளே சுருட்டி வைத்த காகிதப் பட்டை, அடியில் சக்தி வாய்ந்த குட்டிக் காந்தம். கைப்பிடிக் கம்பி, இரும்பு பெஞ்சின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் ஒட்டி மறைத்து வைப்பதற்கானது. ஒரு படிக்கட்டின் கைப்பிடியில் ஒட்டிப் பார்த்துவிட்டு என் மகன் அதை இழுத்தபோது டப்பா அவன் கையோடு வந்துவிட்டது, காந்தம் கம்பியிலேயே நின்றுவிட்டது. அடியில் பார்த்தால் காய்ந்த பசை ஒரு வட்டமாகத் தெரிகிறது. காந்தத்தைப் பிடித்து நிறுத்த விளிம்போ குழியோ எதுவும் இல்லை. இன்னொரு டப்பாவின் காந்தம் நகத்தால் நெம்பியதுமே வந்துவிட்டது.

பெட்டியில் "4 வயது முதல்" என்று போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு சிறிய, இவ்வளவு வலுவான காந்தங்களைக் குழந்தை விழுங்கினால் என்ன ஆகும் என்று உங்கள் தயாரிப்புப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்றுக்கு மேல் உள்ளே போய்விட்டால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நடுவில் குடல் சுவரை நசுக்கும். அந்த இடம் ஓட்டையாகி, அறுவை சிகிச்சை வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். செட்டில் இருப்பதோ இரண்டு. இதை நான் எழுதியதற்கு உங்கள் சேவை மையம் சொன்ன யோசனை, "சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்" என்பது. அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, இனி கருவிக்கு வருவோம்.

ஜியோகேச்சிங்கில் மறைவிடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்துக்கு மூன்று தசம இலக்கம் என்ற முறையில்தான் கொடுப்பார்கள். அட்சரேகையில் அந்த மூன்றாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர் நகர்கிறோம் என்று பொருள். உங்கள் கருவியில் ஒரு இடத்தைக் கையால் உள்ளிடும்போது மூன்று இலக்கங்களையும் வாங்கிக்கொள்கிறது, திரையிலும் காட்டுகிறது. சேமி என்று அழுத்திவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தால் கடைசி இலக்கம் சுழியம். 10.459 என்று கொடுத்தால் 10.450. முழுமையாக்கியிருந்தால் 10.460 என்றல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படியும் இல்லை, வெறுமனே வெட்டிப் போட்டிருக்கிறது. 9-இல் முடியும் எண்ணுக்கு அட்சரேகையில் மட்டும் கிட்டத்தட்ட 17 மீட்டர் பிசகு. தீர்க்கரேகையிலும் இதே கதை என்பதால் இரண்டும் சேர்ந்து இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது.

இதை முதலில் கவனித்தது என் மகள். நாங்கள் இருப்பது வடக்கு அட்சரேகையும் கிழக்குத் தீர்க்கரேகையும் கொண்ட பகுதி. கருவி "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லும் இடத்திலிருந்து கேச் எப்போதும் வடக்கிலோ கிழக்கிலோ கிடைக்கிறது, ஒருமுறைகூடத் தென்மேற்கில் கிடைக்கவில்லையே, ஏன் என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் சோதித்துப் பார்த்தோம். தீர்க்கரேகையை மாற்றாமல், அட்சரேகை நிமிடத்தை 10.451 என்றும் 10.459 என்றும் கொடுத்து இரண்டு புள்ளிகளைச் சேமித்தோம். இரண்டுக்கும் இடையே 15 மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் கருவியில் உள்ள தூரம் அளக்கும் வசதி சுழியம் என்று காட்டுகிறது. இதைச் செய்துபார்க்க மைதானமோ வானமோ வேண்டாம். உங்கள் அலுவலக மேசையில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இதற்கு வந்த பதில்: "மரங்களின் அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு அருகிலும் சில மீட்டர் வேறுபாடு இயல்பு. திறந்த வெளிக்குச் சென்று திசைகாட்டியை அளவுத்திருத்தம் செய்யவும்." இலை அடர்ந்தால் சிக்னல் பலவீனமாகும், சுவரில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் கருவியைக் குழப்பும், இதெல்லாம் கேச் தேடுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தப் பிசகு ஒருநாள் இந்தப் பக்கம் இழுக்கும், ஒருநாள் அந்தப் பக்கம் இழுக்கும். எப்போதும் ஒரே திசைக்கு இழுத்தால் அது மரத்தின் வேலையாக இருக்க முடியாது. தவிர, நான் எழுதியது சேமித்த எண் மாறுவதைப் பற்றி. அதற்கும் திசைகாட்டிக்கும் என்ன சம்பந்தம்?

இடங்களின் எண்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பைக் கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றினால் இந்தக் கோளாறு வருவதில்லை. அதனால்தான் உங்கள் சோதனைகளில் இது சிக்காமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். "அப்படியானால் கோப்பாகவே ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று தயவுசெய்து அடுத்த பதிலை எழுதிவிடாதீர்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கின் சுவையே மல்டி கேச்சிலும் புதிர் கேச்சிலும்தான் இருக்கிறது. ஓர் இடத்துக்குப் போய்ப் படிகளை எண்ண வேண்டும், கல்வெட்டில் உள்ள ஆண்டின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும், வரும் விடையை அங்கேயே நின்று கருவியில் போட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அந்த விடை எந்த இலக்கங்களில் போய் உட்காரும் தெரியுமா? பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்றில்தான். மகன் எண்ணி, மகள் கூட்டி, இருவரும் சண்டை போட்டு மறுபடி எண்ணிக் கண்டுபிடித்த இலக்கத்தை உங்கள் கருவி ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது. அப்புறம் தப்பான புதரைக் கிளறிக்கொண்டு "நீ தப்பா எண்ணிட்ட" என்று ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள். பணத்தைவிட எனக்கு இதில்தான் கோபம்.

இந்தப் பொழுதுபோக்கே துல்லியம் கூடியதால் பிறந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாயின. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் பொருள்களைப் போட்டு மறைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். அந்த இடம் வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. இரண்டுமே சுழியத்தில் முடிகின்றன. ஆக, உலகின் முதல் கேச்சை மட்டும் உங்கள் கருவி சரியாகக் காட்டும். வாழ்த்துகள்.

திசைகாட்டியைப் பற்றி நீங்களே பேச்சை எடுத்ததால் அதையும் சொல்கிறேன். செட்டோடு வரும் பையின் மூடி காந்தப் பொத்தானால் மூடுகிறது. அந்தப் பொத்தான் கருவியின் மேல்பாதிக்கு நேராக வருகிறது. பக்கத்திலேயே நானோ டப்பாவுக்கென்று தைத்த ஒரு வளையம், அதிலும் காந்தம். பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை சொல்லும் ஒரு கருவியை இரண்டு பக்கமும் காந்தம் வைத்துத் தைத்த பைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பையிலிருந்து எடுத்ததும் முள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறது, எட்டு போடுவதுபோல் கருவியைச் சுழற்றித் திருத்திய பிறகுதான் வழிக்கு வருகிறது. பையில் வைத்து எடுத்தால் மறுபடியும் அதே கூத்து. இப்போது கருவியைப் பையில் வைப்பதையே விட்டுவிட்டோம்.

கருவியில் நல்லது இல்லாமல் இல்லை. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருப்பது, அதாவது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது, பொய்யில்லை என்றே தோன்றுகிறது. ஓடையில் விழுந்து எழுந்தும் நன்றாக வேலை செய்கிறது. வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறது. குழந்தை கையில் போனைக் கொடுக்காமல் இதைக் கொடுக்க முடிவது பெரிய நிம்மதி. இவ்வளவையும் சரியாகச் செய்தவர்கள் ஒரு இலக்கத்தில் கோட்டை விட்டிருக்கிறீர்களே என்பதுதான் வருத்தம்.

ஆனால் டப்பாக்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. "முழுக்க வாட்டர்ப்ரூஃப்" என்று ஒவ்வொரு மூடியிலும் அச்சிட்டிருக்கிறீர்கள். மூடியின் சிலிகான் வளையம் பள்ளத்துக்குள் இறங்கி உட்காராமல் மேலாக ஒட்டப்பட்டிருக்கிறது. நாலு பேர் திறந்து மூடியதும் ஒரு மூலையில் கிளம்பி நாக்கு நீட்டுகிறது. மழைக்குப் பிறகு நாங்கள் மறைத்து வைத்த கேச்சைத் தேடி எடுத்த ஒருவர் "லாக் நனைந்து கூழாகிவிட்டது" என்று குறிப்பு போட்டிருந்தார். போய்ப் பார்த்தால் புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பேனாவில் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகப் பரவிக் கிடந்தன. கேச்சை மறைத்தவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும். இப்படிக் குறிப்புகள் சேர்ந்து, மறைத்தவர் கவனிக்காமலும் விட்டால், கேச்சுகளைப் பட்டியலிடும் இணையதளத்தின் பரிசீலகர் அந்தக் கேச்சை நிறுத்திவைக்கலாம், பட்டியலிலிருந்தே எடுத்தும் விடலாம். பெயர் கெடுவது எங்களுக்கு, உங்கள் வளையத்துக்கு அல்ல. செட்டில் நீங்கள் வைத்திருப்பது பேனா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்துக்குப் பென்சில்தான் நிற்கும்.

பரிசுப் பொருள்களில் பழ வாசனை அழிப்பான்கள் எதற்கு? உணவும் வாசனைப் பொருளும் கேச்சில் வைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்து வந்து டப்பாவைக் கடித்துப் போட்டுவிடும் என்பது இதில் இறங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படுவது. பெட்டியின் மேல் "குடும்பம்" என்று எழுதியவர்களில் யாராவது ஒருவர் ஒரு குழந்தையையும் இந்தச் செட்டையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வெளியே போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தில் எழுதியதில் பாதியை அவரே சொல்லியிருப்பார்.

நான் கேட்பது இதுதான். செட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும், அனுப்பும் செலவையும் சேர்த்துத் தாருங்கள். மாற்று செட் வேண்டாம், அதிலும் இதே பசைதான் இருக்கும். நானோ டப்பாக்களின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் காந்தத்தைப் பற்றி எச்சரிக்கை அனுப்புங்கள். வாரண்டிக்காக எல்லோருடைய மின்னஞ்சலையும் நீங்கள் வாங்கி வைத்திருப்பதால் இது கடினமான வேலையில்லை. கையால் உள்ளிடும் எண் வெட்டுப்படுவதை அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் சரிசெய்யுங்கள். அதுவரை அப்படி ஒரு கோளாறு இருக்கிறது என்பதை உங்கள் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகப் போடுங்கள். என் பணம் வந்தாலும் வராவிட்டாலும் காந்தத்தைப் பற்றியும் கருவியைப் பற்றியும் கேட்டவை நடந்தாக வேண்டும். வேறு வீடுகளிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. வராவிட்டால் காந்த விவகாரத்தைப் பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பிடமும், மற்றவற்றை நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடமும் கொண்டுசெல்வேன். ரசீதின் நகல், சேமிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த திரைப் படங்கள், கழன்ற காந்தங்களின் படம், சூப்பர் க்ளூ மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். காந்தங்கள் இரண்டும் ஒரு தகர டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் இருக்கின்றன. ஆய்வுக்கு வேண்டுமென்றால் உங்கள் செலவில் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்