மீட்டர் முள்ளை நம்பாதீர்கள், படகின் பின்பக்கத் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்களுக்காக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாய், கயிறு, அடிப்பாகம் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, எஞ்சின் என்று வந்ததும் ஆயில் மாற்றுங்கள், டெம்பரேச்சர் மீட்டரில் ஒரு கண் வையுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆயில் விஷயம் சரி. மீட்டர் விஷயம்தான் இடிக்கிறது. பழைய படகு எஞ்சின்கள் தேய்ந்து போவதைவிடச் சூடேறியும் உப்பு அரித்தும் போவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம், அந்தச் சூடு மீட்டரில் தெரியும்போது பாதி காரியம் கெட்டிருக்கும்.

மீட்டருக்குத் தகவல் தரும் சென்சார், எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு ஹோஸ் கழன்று தண்ணீர் முழுதும் வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், சிலிண்டர் ஹெட் தகித்துக்கொண்டிருக்க முள் பாட்டுக்குச் சும்மா கிடந்தாலும் கிடக்கும். தண்ணீர் வடியாவிட்டாலும் சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வரும் கடல்நீர் நின்றுபோனால் உள்ளே சுற்றும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் எக்ஸாஸ்டின், அதாவது புகை வெளியேறும் குழாயின், ரப்பர் ஹோஸ் அவ்வளவு நேரம் தாங்காது, ஏனென்றால் புகையோடு கலந்து அதைக் குளிரவைப்பதே அந்தக் கடல்நீர்தான். அதனால் ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலை, பின்பக்கம் எட்டி எக்ஸாஸ்டில் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புகிறதா என்று பார்ப்பது. சத்தத்தையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், தண்ணீர் குறைந்தால் அது வறண்டு உரத்துக் கேட்கும். எக்ஸாஸ்ட் ஹோஸில் கட்டும் வெப்ப அலாரம் ஒன்று கிடைக்கிறது, அதையும் மாட்டிவிட்டால் நிம்மதி.

பழைய எஞ்சின்களில் இரண்டு வகை உண்டு, எது உங்களுடையது என்று தெரியாமல் எந்த உதிரிபாகமும் வாங்காதீர்கள். பழைய யான்மார், வோல்வோ பென்டா எஞ்சின்கள் பலவற்றிலும், அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சினிலும் கடல்நீரே நேராக எஞ்சினுக்குள் ஓடும். மற்ற வகையில் உள்ளே கூலன்ட் சுற்றும், கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக அதன் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போகும். முதல் வகையில் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள், சூடு ஏற ஏறக் கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்புகள் பிரிந்து உள்சுவரில் படியும் என்பதுதான் காரணம். இரண்டாம் வகை 80 டிகிரியை ஒட்டி ஓடும். 'எஞ்சின் நல்லா சூடானாத்தானே டீசல் சரியா எரியும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் வகைக்கு இரண்டாம் வகையின் தெர்மோஸ்டாட்டைப் போட்டால் உள்வழிகள் மெல்ல மெல்ல அடைபடும். தெர்மோஸ்டாட் சரியா என்று சந்தேகம் வந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுச் சூடாக்கி, எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடுத்தது இம்பெல்லர். கடல்நீரை உறிஞ்சும் பம்புக்குள் இருக்கும் இந்தச் சின்ன ரப்பர் சக்கரத்துக்கு அந்தத் தண்ணீரேதான் உராய்வைக் குறைப்பது, கடல்நீர் வால்வைத் திறக்க மறந்து ஓட்டினால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே அதன் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக இருந்தால் அவசரத்துக்கு எடுத்து வையுங்கள். பலரும் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். கழற்றிய இம்பெல்லரில் ஓர் இதழ் குறைந்தால், புதியதைப் போட்டு மூடிவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். பிய்ந்த துண்டு எங்கே போனது? தண்ணீர் போகும் வழியிலேயே போய், பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலோ அடுத்த வளைவிலோ சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காதவரை புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது, ஆள் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிக்கொண்டு திரிவார். பொருத்தும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவுங்கள், கிரீஸ் வேண்டாம், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பம்பின் மூடித்தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் உறிஞ்சும் வேகம் குறையும், பல பம்புகளில் அந்தத் தகட்டைப் புரட்டிப் போட்டே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். துளையை அடைத்துவிட்டால் சொட்டு நின்றுவிடும்தான், ஆனால் பல பம்புகளில் அந்த உப்புத்தண்ணீர் அடுத்துப் போகும் இடம் எஞ்சின் ஆயில்.

உள்ளே வரும் கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், பாசியை எடுப்பார்கள், ஆனால் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்க மாட்டார்கள். அது தேய்ந்தால் பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள், வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளுறை கழன்று வழியை மறித்திருக்கலாம்.

யாரும் எட்டிப் பார்க்காத பாகம் எக்ஸாஸ்ட் எல்போ. கொதிக்கும் புகையும் கடல்நீரும் முதன்முதலில் சந்திக்கிற இடம் அது. கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே இறுகும், கூடவே இரும்பையும் உப்பு உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் மட்டும் அழகாக இருக்கும். எஞ்சின் முழு வேகத்துக்கு வர மறுப்பது, கரும்புகை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் சூடு, இதெல்லாம் சேர்ந்து வந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன் எல்போவைக் கழற்றிப் பாருங்கள். உள்சுவர் ஓட்டையாகிவிட்டால் தண்ணீர் பின்னோக்கி வடிந்து, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், ஏனென்றால் தண்ணீரை அமுக்க முடியாது.

அதே ஆபத்து வேறு இரண்டு வழியிலும் வரும். எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகுகளில், கடல்நீர் ஹோஸை மேலே வளைத்து உச்சியில் ஒரு காற்று வால்வு வைத்திருப்பார்கள், எஞ்சினை நிறுத்திய பிறகு தண்ணீர் தானாக உள்ளே இழுபட்டு வராமலிருக்க. அந்த வால்வு உப்பால் அடைபட்டால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான், வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். இன்னொன்று, ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் ஸ்டார்ட்டரால் சுற்றுவது. சுற்றும்போதெல்லாம் பம்பு தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால், எக்ஸாஸ்ட் வழியில் இருக்கும் மஃப்ளர் என்ற சத்தம் குறைக்கும் பெட்டி நிறைந்து தண்ணீர் மேலேறும். ஆகவே இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், எஞ்சின் ஓட ஆரம்பித்தவுடன் திறங்கள். மறந்துபோகும் என்று பயந்தால், வால்வை மூடும்போதெல்லாம் எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள்.

கூலன்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில், மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் துத்தநாகக் குச்சி இருந்தால் பாதி கரைந்ததுமே மாற்றுங்கள், உடைந்து விழுந்த துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். படிந்த உப்பை எடுக்க மென்மையான அமிலம் போதும், அதற்கு முன் துத்தநாகத்தைக் கழற்றிவிட வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி அலுமினியப் பாகங்களைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கட்டுரை வாங்குபவர்களுக்கானது என்பதால் ஒன்று. நீங்கள் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். கியர் போடாமல் ஐடிலில் ஓட்டிக் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அடைப்பு பாதிக்கு மேல் இருந்தாலும் ஐடிலில் எஞ்சின் சமாளித்துவிடும். படகை இறுகக் கட்டிவிட்டு, கியரில் போட்டு, நல்ல வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சூடு ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், எல்போ, ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்பு மூன்றுக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பழைய படகு ஒன்றைப் பராமரித்துவரும் வாசகர்