கணக்குத் தெரிந்த பின் கூலிக்கு நிற்க முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தத் தொழில் தொடங்கி முன்னுக்கு வந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றில் எல்லோரிடமும் 'ஏன் தொழில் தொடங்கினீர்கள்?' என்ற கேள்வி கேட்கப்படுகிறது. கனவு, ஆர்வம், சாதிக்க வேண்டும் என்ற வேகம் என்பவையே பெரும்பாலும் பதிலாக வருகின்றன. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் வென்று பத்தாண்டு கழிந்த ஒருவர் தம் தொடக்கத்தைத் திரும்பிப் பார்க்கும்போது தெரிவதும், வேலையை விடலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தபோது அவர் மனத்தில் ஓடியதும் ஒன்றாக இருப்பது அரிது. திருப்பூரில் பதின்மூன்று ஆண்டுகள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, அதன் பின் இருபது ஆண்டுகளாக ஜாப் ஒர்க் தையல் கூடம் (பிற கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கூடம்) நடத்தி வருபவன் என்ற முறையில், நான் கண்ட காரணங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் எதனால் தொழிலுக்கு வந்தார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் வகுக்கப்படும் கடன் திட்டங்களும் சலுகைகளும் தேவையான கைக்குப் போய்ச் சேராமல் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

பல்லடத்துக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமியில் பிறந்த நான், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு 1992-ல் திருப்பூருக்கு வந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் டைலருக்குக் கைமடிக்கும் பையன். பின்பு கட்டிங் டேபிளில் உதவியாள். அதன் பிறகு கட்டிங் மாஸ்டர். பின்னலாடைத் துணி மீட்டர் கணக்கில் வருவதில்லை, கிலோ கணக்கில் வருகிறது என்பது வெளியூர் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு சட்டைக்கு எத்தனை கிராம் துணி போகிறது என்பதில்தான் லாபமும் நட்டமும் அடங்கியிருக்கின்றன. அதைத் தீர்மானிப்பவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, முன் பாகம், பின் பாகம், கை, கழுத்துப்பட்டி ஆகியவற்றின் அட்டைகளை எப்படித் திருப்பி வைத்தால் இடைவெளி குறையும் என்பதை அவர் கண்ணாலேயே அளந்துவிடுவார்.

2004-ஆம் ஆண்டில் 12,000 பீஸ் கொண்ட ஓர் ஆர்டருக்கு, கை அட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஒரு சட்டைக்கு 4 கிராம் மிச்சமானது. மொத்தம் 48 கிலோ. சாயம் ஏற்றிய துணி அன்று கிலோ 160 ரூபாய் என்று முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்ததால், மீதமிருந்த ஒரு துண்டு அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் பெருக்கிப் பார்த்தேன். 7,680 ரூபாய் வந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வாங்கிய வாரக் கூலி 1,400 ரூபாய். என் முதலாளி மீது எனக்கு எந்த வருத்தமும் இருக்கவில்லை. தீபாவளிக்குக் குறைவில்லாமல் போனஸ் தந்தவர். என் தங்கையின் திருமணத்துக்குக் கேட்டவுடன் முன்பணம் கொடுத்தவர். ஆனாலும் அந்தப் பெருக்கலைப் போட்ட நாளிலிருந்து, கத்தரிக்கப்படும் ஒவ்வொரு அடுக்கையும் நான் பணமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டேன். தொழிலைக் கற்ற ஒருவர் அதன் விலைக் கணக்கையும் கற்றுவிட்டால், அதன் பிறகு கூலிக்கு நின்றாலும் மனம் அங்கே நிற்பதில்லை. நான் அறிந்தவரை, உரிமையாளர் ஆன கட்டிங் மாஸ்டர்கள், துணி பின்னும் நிட்டிங் மாஸ்டர்கள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எல்லோருக்குமே இப்படி ஒரு நாள் உண்டு.

இது திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றித் தைராய்டு பரிசோதனையின் நுணுக்கங்களைக் கற்ற திரு. வேலுமணி அவர்கள், அரசு வேலையை விட்டு 1996-ல் மும்பையில் தைரோகேர் நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்த திரு. கிரிஷ் மாத்ருபூதம் அவர்கள், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளை உள்ளிருந்தே அறிந்தவர். போட்டி நிறுவனம் ஒன்று விலையை உயர்த்தியதால் வாடிக்கையாளர்கள் கொதித்துப் போயிருப்பதைப் பார்த்து, 2010-ல் சென்னையில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். வறுமையோ வேலையின்மையோ இவர்களைத் துரத்தவில்லை. தம் கையில் இருந்த வித்தைக்கு வெளியே என்ன விலை என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வித்தையைத் தேடிப் போய்க் கற்றுவந்த முன்னோரும் நம்மிடையே உண்டு. மழை பொய்த்த சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னரே அந்த ஊரின் தொழில் வரலாறு தொடங்குகிறது.

கணக்குத் தெரிந்த எல்லோரும் தொழிலில் இறங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு கட்டிங் டேபிளில் நின்றவர்களில் என்னைவிடக் கைத்திறன் மிகுந்த இருவர் கடைசி வரை மாஸ்டராகவே இருந்தார்கள். அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று ஊர் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் கைக்கு முதல் வேலை தேடி வந்தது, அவர்களுக்கு வரவில்லை. 2005 ஜனவரி 1 முதல் உலக ஆடை வணிகத்தில், ஒரு நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பிட்ட கோட்டா முறை முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டு திருப்பூருக்கு வந்து குவிந்த ஆர்டர்களைத் தைத்து முடிக்க என் முதலாளிக்கு மெஷின் போதவில்லை. ஒரு நாள் மாலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "ஆறு மெஷின் போடு தம்பி, பீஸ் நான் தர்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என் தொழிலுக்கு மூலதனம். மற்றவை பின்னால் வந்தன. சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய், மனைவியின் ஐந்து பவுன் நகையின் மீது அடகுக்கடன், மூடப்பட்ட ஒரு கூடத்திலிருந்து வாங்கிய பழைய ஓவர்லாக் மற்றும் பேட்லாக் மெஷின்கள், உறவினர் ஒருவரின் தறிக்கூடத்தில் பாதி இடம் ஆகியவற்றைக் கொண்டு அந்த ஆண்டு ஆவணியில் தையலைத் தொடங்கினேன்.

முதலாளி என் நலனை விரும்பியே அப்படிச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அதே வேளையில், அதில் அவருக்கும் ஒரு நன்மை இருந்தது என்பதைப் பின்பு புரிந்துகொண்டேன். மெஷின் என்னுடையது, ஆட்களுக்கான பொறுப்பு என்னுடையது, ஆர்டர் இல்லாத மாதத்தின் வாடகையும் என்னுடையது. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் வேலையைச் சிறு கூடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதிகமானது என்று மூத்தோர் சொல்வார்கள். ஆகவே இந்த ஊரில் உரிமையாளர் என்று அழைக்கப்படும் எல்லோரும் தாமாகவே முடிவெடுத்து வந்தவர்கள் என்று கருதிவிட முடியாது. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவுநீர் கலந்ததால் பாதிக்கப்பட்ட விவசாயிகளின் நியாயமான வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, என் தெருவில் இருந்த டையிங் மாஸ்டர் ஒருவர் நான்கு மாதம் வேலை தேடி அலைந்துவிட்டு, மங்கலம் சாலையில் தள்ளுவண்டி இட்லிக் கடை போட்டார். அவரும் சொந்தத் தொழில் செய்பவர்தான். வாய்ப்பைக் கண்டு வருபவர், வேறு வழியின்றி வருபவர் என்று ஆய்வாளர்கள் இவர்களை இரண்டாகப் பிரிப்பதாக வாசித்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது, ஒரே மனிதரிடம் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அந்த மாஸ்டருக்கு இட்லிக் கடை இரண்டாம் ஆண்டில் நன்றாக நடந்தது. சாயப்பட்டறைகள் மீண்டும் திறந்த பிறகு அழைப்பு வந்தபோது அவர் போகவில்லை.

பெண்களின் காரணம் பெரும்பாலும் யாராலும் கேட்கப்படுவதே இல்லை. என் கூடத்தில் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி 2015-ல் வேலையை விட்டு, வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டார். கூலி போதவில்லையா என்று கேட்டேன். கூலியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலை எட்டரைக்கு நுழைந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவருடைய மகள் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்து, பூட்டிய வீட்டுத் திண்ணையில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். "அந்த நேரத்துக்கு நான் வீட்ல இருக்கணுங்க அண்ணா, அதுக்குத்தான்" என்றார். வேலை கொடுக்கப் போனபோது பார்த்தேன். பள்ளி வேன் வந்து நிற்கும் இடம் தைத்துக்கொண்டே கண்ணில் படும்படி மெஷினை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார். பின்பு இரண்டு மெஷின் நான்கானது. அதற்கு மேல் அவர் வளர்க்க விரும்பவில்லை. கடன் கேட்டுப் போன வங்கியில், ஐந்தாண்டில் எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்ற கேள்விக்கு அவரால் பதில் எழுத முடியாமல், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டார். அவர் கேட்டது ஒரு பழைய மெஷினை மாற்றுவதற்கான பணம் மட்டுமே. வளர வேண்டும் என்பதற்காக அவர் தொழில் தொடங்கவில்லை; தன் நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கினார். அதில் அவர் முழுமையாக வென்றிருக்கிறார் என்பதே என் கருத்து.

திட்டங்களே பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. 2015-ல் தொடங்கப்பட்ட முத்ரா போன்ற பிணையில்லாக் கடன் என் காலத்தில் இருந்திருந்தால் என் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது. ஆனால் தொழில் தொடங்குவதற்குப் பணம் தருவதில் காட்டப்படும் அக்கறை, தொடங்கியவர் செய்து கொடுத்த வேலைக்கு உரிய நாளில் பணம் வருகிறதா என்பதில் காட்டப்படுவதில்லை. 2012-ல் ஒரு கம்பெனி என் தையல் கூலி பில்லை ஏழு மாதம் நிறுத்தி வைத்தது. சனிக்கிழமை தவறாமல் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால் இரண்டு மெஷின்களை விற்றேன். மீண்டும் யாரிடமாவது கட்டிங் மாஸ்டராகப் போய்விடலாமா என்று ஆறாவது மாதத்தில் வீட்டில் பேசினோம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம், வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி தர வேண்டும் என்றும் அப்போதே சொல்லியிருந்தது. புகார் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள், புகார் செய்தவனுக்கு அடுத்த ஆர்டரை யார் தருவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உரிய காலத்தில் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் வரை வாங்குபவர் தம் செலவுக் கணக்கில் காட்டி வரிவிலக்குக் கோர முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, எனக்கு வர வேண்டிய சில பில்கள் மார்ச் மாதத்துக்குள் வந்து சேர்கின்றன. யாரும் புகார் கொடுக்கத் தேவையில்லாமல் தானாக வேலை செய்யும் விதி என்பதால்தான் இது பலன் தருகிறது. மாநில அரசும் இதே வழியில் சிந்தித்து, தன் சலுகைகளையும் மானியங்களையும் பெறும் பெரிய நிறுவனங்கள், ஜாப் ஒர்க் கூடங்களுக்கு உரிய காலத்தில் பணம் தந்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்று விதித்தால், புதிதாக ஆயிரம் பேரை மேடை ஏற்றுவதைவிட, ஏற்கெனவே இறங்கியவர்களில் பலர் கரை சேர்வார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வென்றவர்களிடம் கேட்கும் அதே கேள்வியை, நான்கு மெஷினோடு நின்றுகொண்டவர்களிடமும், ஷட்டரை இறக்கிவிட்டு மீண்டும் கூலிக்குப் போனவர்களிடமும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும். காங்கயம் சாலையிலும் அவிநாசி சாலையிலும் காலை எட்டு மணிக்கு டிபன் கேரியரோடு போகிறவர்களில், ஒரு காலத்தில் தம் பெயரில் பில் புத்தகம் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏன் தொடங்கினோம், எந்த மாதத்தில் முடியாமல் போனது என்பதை அவர்கள் தேதியோடு சொல்வார்கள்.

என் கூடத்தில் இப்போது கட்டிங் மாஸ்டராக இருக்கும் இளைஞர் சென்ற மாதம் என்னிடம், ஒரு பீசுக்கு நூலும் லேபிளும் சேர்த்து என்ன செலவாகிறது என்று கேட்டார். அவர் எதற்காகக் கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. மறைக்காமல் முழுக் கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். தை மாதத்தில் அவர் நான்கு மெஷினோடு தொடங்குகிறார். முதல் 3,000 பீஸ் நான் தருவதாகவும், சரக்கு வந்து சேர்ந்த பதினைந்தாம் நாள் பணம் தருவதாகவும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் தையல் கூட உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.