கணினி வகுப்பு, வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த வாரம் முதல் நம் பள்ளியில் வாட்ஸ்அப்பில் மட்டும் வீட்டுப்பாடம் அனுப்புவது நிறுத்தப்படுகிறது. கரும்பலகையில் எழுதிப் போடுவோம். பிள்ளைகள் டைரியில் குறித்துக்கொண்டால் போதும். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் இது. பள்ளி திறந்த பிறகும் போகவில்லை. சென்னையில் பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அதுவும் அப்பாவோடு ஆட்டோவிலோ டெலிவரி வேலையிலோ சுற்றிவிட்டு ராத்திரிதான் வீட்டுக்கு வருகிறது. அதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்பதும் அதே பிள்ளைதான்.

கணினி ஆய்வகத்திலும் ஒரு மாற்றம். ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்கிறார்கள். மவுஸ் யார் கையில் என்று பார்த்தால், வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளையின் கையில். மற்ற இருவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகள் பலர் நோட்டில் எழுதுவதோடு சரி. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. தெரிந்தவர் செய்தால் வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். இனி பத்து நிமிடத்துக்கு ஒருவர் இடம் மாற வேண்டும். வீட்டில் கணினி இல்லாதவருக்கே முதல் வாய்ப்பு. "என் பையனுக்கு எல்லாம் தெரியுமே, அவன் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். தெரிந்ததை மவுஸைத் தொடாமல் வாயால் சொல்லிக்கொடுக்கட்டும். அது அத்தனை சுலபமில்லை.

போன் இருந்தால் கணினியும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரீல்ஸ் தள்ளத் தெரிந்த பிள்ளைகள் பலருக்கு ஒரு ஃபைலை எங்கே சேமித்தோம் என்று தேடி எடுக்கத் தெரிவதில்லை. தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையைப் பார்த்ததே இல்லை. அதனால் செவ்வாய், வியாழன் மாலை 5.30 வரை ஆய்வகம் திறந்திருக்கும். வர விரும்பும் பிள்ளையின் பெயரை வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும், வகுப்பில் உரக்க வாசிக்க மாட்டோம்.

பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து எடுத்த கலர் பிரிண்ட்டுக்குப் புராஜெக்டில் கூடுதல் மதிப்பெண் கிடையாது. கையால் வரைந்ததே போதும்.

அப்புறம் ஒன்று. அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. உங்கள் மூத்த பிள்ளை வாங்கியது பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரில் ஓடினால் சரி. எங்கள் கணினி ஆசிரியர் பார்த்துத் தருவார். அது உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். தம்பியோ தங்கையோ பயன்படுத்தட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்