உன் ராணி கொஞ்ச நேரம் வாளைக் கீழே வைக்கட்டும்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். காலப்பயண நாவல் என்றதும் கொஞ்சம் பயந்தேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் எதெல்ஃப்ளாட் பக்கத்துக்குப் பக்கம் வாளைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறாளே, கை வலிக்காதா அவளுக்கு?

அவளுடைய கெட்டிக்காரத்தனமே வேறு, பாப்பா. 911இல் புருஷன் எதெல்ரெட் இறந்தபிறகு, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்த மெர்சியாவைத் தனியாளாக ஆண்டாள். வடக்கிலிருந்து கப்பலில் வந்து ஊர்களைப் பிடித்த வைக்கிங்குகளை மடக்க வரிசையாகக் கோட்டை எழுப்பினாள். 913 கோடைத் தொடக்கத்தில் டாம்வொர்த். ஆகஸ்ட் பிறக்குமுன் ஸ்டாஃபோர்டு! அடுத்த வருஷம் வாரிக், அதற்கடுத்து ரன்கார்ன். அகழி வெட்டி, அந்த மண்ணையே கரையாக ஏற்றி, மேலே மரவேலி அடிக்கிற வேலை. காலப்பயணம் போகிற உன் கதாநாயகியை அங்கே கொண்டுபோய் இறக்கு. கையில் மண்வெட்டியைக் கொடு. செல்போன் பெண்ணுக்குச் சரித்திரம் தானாகப் புரியும்.

சண்டைதான் வேண்டுமென்றால் 917 டெர்பி இருக்கிறது. ஊர் பிடிபட்டது. ஆனால் அவளுக்கு மிகவும் வேண்டிய நான்கு தளபதிகள் கோட்டை வாசலுக்குள்ளேயே விழுந்தார்கள் என்று பழைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. எதிர்காலத்திலிருந்து வந்தவளுக்கு அது முன்பே தெரியும். முந்தின நாள் ராத்திரி அந்த நால்வரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சொல்வாளா, மாட்டாளா? இதை விட்டுவிட்டு மின்னல், மாய மோதிரமெல்லாம் எதற்கு?

பந்தி என்றதும் ஞாபகம் வருகிறது, விருந்தில் உருளைக்கிழங்கை எடுத்துவிடு. அது ஐரோப்பாவுக்கு வர இன்னும் 600 வருஷத்துக்கு மேல் ஆகும். ரொட்டியும் பயறும் போதும்.

இன்னொன்று. 918இல் லெஸ்டர் சண்டையில்லாமலே பணிந்தது, யார்க் மக்களும் அவளை ஏற்பதாக வாக்குக் கொடுத்தார்கள். ஜூன் 12ஆம் தேதி டாம்வொர்த்தில் இறந்துபோனாள். நீ அங்கேயே முடித்துவிட்டாய். அவளுடைய ஒரே மகள் ஆல்ஃப்வின் எங்கே? அம்மாவுக்குப் பின் ஆட்சி அவளுக்குத்தான் வந்தது. டிசம்பரிலேயே தாய்மாமன் எட்வர்ட் அதிகாரத்தைப் பிடுங்கித் தெற்கே தன் ராஜ்யமான வெசெக்ஸுக்குக் கூட்டிப்போய்விட்டார். அதோடு குறிப்புகள் வாய்மூடிக்கொள்கின்றன. பெண்ணைப் பெற்றவன், என் கண் அங்கேதான் போகிறது. காலத்தைத் தாண்டிப் போகிறவள் அந்தப் பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு வரட்டுமே.

அடுத்த அத்தியாயத்தை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பு. அம்மாவும் படிக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா