ஊட்டி எஞ்சினும் உன் ஜெர்மன் ராட்சசனும்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் உயிர் வந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். தடியை ஊன்றிக்கொண்டாவது வந்து சேர்.

உன் பையன் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய, சுரங்கம் தோண்டும் ராட்சச எந்திரம் பேகர் 288-இன் படத்தைப் பார்த்தேன். 13,500 டன் எடை, 96 மீட்டர் உயரம். 2001-இல் ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு, ரோடு, ஆறு எல்லாம் தாண்டி 22 கிலோமீட்டர் ஊர்ந்து போக மூன்று வாரம் ஆனதாம். நெய்வேலிச் சுரங்கத்தில் அதே ஜாதி, சக்கரத்தில் வாளிகளை மாட்டி மண்ணை வாரும் எந்திரங்களோடு காலமெல்லாம் குப்பை கொட்டிய நீயே வாயைப் பிளக்கிறாய் என்றால் பெரியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவத்தைப் பார்த்து எனக்கு மயக்கம் வருவதில்லை. என்னை மயக்கியது நம் ஊட்டி ரயிலின் எஞ்சின்.

போன மாதம் மச்சினர் குடும்பத்தோடு போனோம். மலை ஏறும் வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது மற்றவர்கள் குரங்குக்குப் பயந்து வடையை ஒளித்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி எஞ்சின் பக்கம் போய்விட்டேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. மேலே இருப்பது அடிவயிற்றில் ஒளிந்திருக்கும் பல்சக்கரங்களை. மலையடிவாரத்தில் இருக்கும் கல்லார் வரை கீழ் ஜோடி மட்டுந்தான் வேலை செய்யும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் தொடங்குகிறது. வண்டி ஆமை வேகத்துக்கு வந்து அதில் பல்லைப் பொருத்திக்கொள்ளும். அப்புறம்தான் வேடிக்கை. கீழ் சிலிண்டரில் ஒருமுறை வேலை செய்து களைத்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி இன்னொருமுறை வேலை வாங்குகிறார்கள். நம் வீட்டு இரண்டாவது டிகாக்‌ஷன் மாதிரி! வண்டி கிளம்பியதும் பார்த்தால் மேல் தண்டு ஒரு தாளம், கீழ் தண்டு வேறு தாளம். லேத்தில் நின்றவன் கண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும், சொல்.

அந்தப் பல் தண்டவாளத்தையும் குனிந்து பார்த்தேன். ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டை. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம். அதனால் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ்காரரின் யோசனை. 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் இந்தப் பிடி இல்லாவிட்டால் அதோகதிதான். பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போகாதபடி எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். முன்பெட்டியில் நிற்பவர் கொடி காட்டினால்தான் டிரைவருக்குப் பாதை தெரியும். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் இழுக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்த ரக எஞ்சின் முதலில் வந்தது 1914 வாக்கில், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து. இப்போது நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலேயே புதிதாகக் கட்டுகிறார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றைக்கூட வெளியே விட்டார்கள். நீராவி எஞ்சினை இந்தக் காலத்தில் புதிதாகச் செய்யும் கை நம் ஊரில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வந்தான்.

கால் தேறியதும் ஒருமுறை போகலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மண் சரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டை மட்டும் முன்னாடியே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

பையனிடம் ஒன்று சொல். கோடை லீவில் சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா மலை ரயிலுக்குப் போய்வரட்டும். விண்டர்தூரில் செய்து வியட்நாமுக்கு விற்ற பல்சக்கர எஞ்சின்களை 1990-இல் திரும்பக் கொண்டுவந்து, சரிசெய்து ஓட்டுகிறார்கள். படம் எடுத்தால் சிலிண்டர் பக்கம் நின்று எடுக்கச் சொல். மலையை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்